மாலையை மலைக்குக் கொடுத்தவள்

பள்ளிக்கூடத்திலிருந்து போன வாரம் ஒரு தாள் வந்தது. முப்பத்தேழு வருஷம் சமையலறையில் வேலை பார்த்த கஹிகினா இந்த ஜூன் மாதம் ஓய்வு பெறுகிறாள், விழா மலரில் போட அவளைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தர வேண்டும், நாத்தனாரைவிட அவளை யாருக்கு நன்றாகத் தெரியும் என்று கேட்டிருந்தார்கள். மலர் பொறுப்பு ஹாலியாவிடம். "மரத்து விஷயத்தை மட்டும் விட்டுடு உலுலானி. நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடு, போதும்" என்று போனில் சொன்னாள். நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. மரத்து விஷயத்தை விட்டுவிட்டு அவளைப் பற்றி எழுதவும் தெரியவில்லை. ஆகவே அரைப் பக்கம் போதாது. அச்சடிப்பதும் அடிக்காததும் அவர்கள் பாடு.

என் தம்பி சோலமன் அவளைக் கட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தியபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. கழுத்தில் சிவப்பு லெஹுவா மாலை. பெண் எப்படி, என்ன குணம் என்றெல்லாம் நான் பார்க்கவில்லை. மாலையைப் பார்த்தேன். 'ஓ, அந்தத் தீவுக்காரியா' என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தீவுக்கூட்டத்தில் தீவுக்கு ஒரு பூ. கழுத்தைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம். எரிமலைத் தீவுக்கு லெஹுவா, ஒவாஹுவுக்கு இலிமா, மாவிக்கு ரோஜா. லெஹுவா பூக்கும் ஓஹியா மரம் எங்கள் கவாயித் தீவு மலையிலும் காடாக நிற்கிறது. ஆனாலும் சிவப்பு லெஹுவா என்றால் அது அவர்கள் சொத்து. எங்கள் அடையாளம் மோகிஹானா. நியாயமாகச் சொன்னால் அது பூவே இல்லை, பச்சைக் காய். மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. கோத்துப் போட்டால் சோம்பு வாசம் தெருமுனை வரை போகும். வெறுந்தோலில் பட்டு வெயிலும் பட்டால் கழுத்து கொப்பளித்துவிடும். உலகத்திலேயே எங்கள் மலையில் மட்டும்தான் விளைகிறது என்பதால் எங்களுக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். எனக்கு ரொம்பவே அதிகம்.

"என்னம்மா, ஊர்ப்பேரைக் கழுத்துலயே மாட்டிக்கிட்டு வந்திருக்க?" என்றேன்.

"உங்களுக்கும் ஒண்ணு கட்டிக் கொண்டாந்திருக்கேன் அண்ணி" என்று சொல்லி, பையிலிருந்து இன்னொரு மாலையை எடுத்து எனக்குப் போட்டாள்.

மாலை போட்டவர் எதிரிலேயே அதைக் கழற்றுவது எங்களிடம் முகத்தில் துப்புவதற்குச் சமம். நான் அவள் எதிரிலேயே கழற்றினேன். "கழுத்து அரிக்குது" என்றேன்.

"உங்க ஊர்க் காய்தான் அரிக்கும்னு கேள்விப்பட்டேன். எங்க பூ அரிக்காதே அண்ணி" என்றாள் அவள். கிண்டலா, வெகுளியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சோலமன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பை நான் பத்து வருஷம் மறக்கவில்லை.

அவள் சும்மா இருக்கிற ரகம் இல்லை. இரண்டு வருஷத்தில் எங்கள் ஹனபேபே ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். இருநூறு பிள்ளைகளுக்குச் சோறும் குழம்பும் அள்ளிப் போடுவாள். எந்தப் பிள்ளை வீட்டில் காலையில் அடுப்பு எரியவில்லை என்பது அவளுக்கு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாலே தெரியும். அதன் தட்டில் மட்டும் கரண்டி இரண்டு தடவை இறங்கும். பள்ளி முடித்துப் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அவள் கையால் ஒரு மாலை உண்டு. அதற்காக ஏப்ரல் மாதமே வீட்டு வேலியெல்லாம் பூச்செடியாகிவிடும். பிள்ளைகள் அவளை "கினா அத்தை" என்று கூப்பிடுவார்கள். பிள்ளைகளுக்குத் தீவு பேதம் தெரியாது. வளர்ந்த பிறகுதான் நாங்கள் அதைச் சொல்லிக் கொடுத்தோம்.

எங்கள் குடும்பத்துக்கு ஊருக்கு மேற்கே உப்புப் பாத்திகள் இருக்கின்றன. சிவப்பு மண்ணில் விளைகிற உப்பு. விற்பதில்லை, கொடுப்பதுதான் வழக்கம். கல்யாணமான முதல் ஐந்து கோடை அவளை நான் பாத்தியில் இறங்கவிடவில்லை. வாளியில் தண்ணீர் சுமக்கவிட்டேன். "அந்த மண்ணு உன் காலை ஏத்துக்கணும்ல" என்பேன். சொல்லிவிட்டு மற்ற பெண்களைப் பார்ப்பேன், அவர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். கல்லுளிமங்கி என்று நினைத்துக்கொள்வேன். நாத்தனார் குசும்பு என்று இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லோர் எதிரிலும் ஒருத்தியை வெளியாளாகவே நிறுத்தி வைப்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

ஆறாவது வருஷம் அவள் ஊரில் எரிமலை பொங்கியது. நெருப்புக் குழம்பு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்து அவள் அப்பா வீட்டைத் தின்றது. கோயில், கடை, தெரு எல்லாம் போயிற்று. செய்தி வந்தபோது அவள் சமையலறையில் இருந்தாளாம். கடைசிப் பிள்ளைக்குப் போட்டு முடிக்கும்வரை கரண்டியைக் கீழே வைக்கவில்லையாம். சாயங்காலம் நான் போய்ப் பார்த்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல், "வீடு போனா என்னடி, அதான் இங்க ஒரு ஊரு இருக்கே" என்றேன்.

அதை அவள் பெரிய வரமாக எடுத்துக்கொண்டாள். "ஆமா அண்ணி. இனிமே எனக்கு இதுதான் ஊரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். இந்தத் தீவு ஜனங்கள் வாயால், அதிலும் என் வாயால், 'இவ நம்மள்ல ஒருத்தி' என்று ஒருதரம் கேட்க வேண்டும். போகிறதற்கு அவளுக்கு வேறு இடம் இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் முப்பது வருஷம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஜூன் மாதம் எங்கள் பழைய ராஜாவின் நினைவாக ஊர்வலம் நடக்கும். தீவுக்கு ஒருத்தியாகப் பெண்கள் குதிரை மேல் வருவார்கள். அவரவர் தீவின் நிறம், அவரவர் தீவின் பூ. மூன்று வருஷத்துக்கு முன்னால், எரிமலைத் தீவுக்காக வர வேண்டியவள் காலை உடைத்துக்கொண்டாள். ஹாலியாதான் ஊர்வலத்துக்குத் தலைவி. கஹிகினாவைக் கூப்பிட்டு, "நீ அந்த ஊர்தானே, நீயே ஏறிடு" என்றாள். கஹிகினாவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. குதிரை ஏற அவள் அப்பா சின்ன வயதிலேயே பழக்கியிருந்தார்.

"முப்பத்தாறு வருஷம் ஆச்சு. இன்னும் அந்தத் தீவுக்குத்தான் என்னைக் கூப்பிடறாங்க, பாத்தீங்களா அண்ணி?" என்று என்னிடம் வந்து சொன்னாள். பாதி சந்தோஷம், பாதி வருத்தம்.

"பின்னே, கவாயி ராணியாவா உன்னைக் குதிரையில ஏத்துவாங்க?" என்றேன்.

அவள் தம்பி மகள் கலேயா ஊர்வலத்துக்கு முதல் நாள் விமானத்தில் வந்தாள். மீன் பெட்டியைத் திறந்தாள். ஐஸ், அதன்மேல் மீன், மீனை எடுத்தால் ஈரத் துணி, துணிக்குள் லெஹுவா மாலை. "தாத்தா வீட்டு மேலயே பறிச்சது அத்தை" என்றாள். ஆறிய குழம்புப் பாறையில் முதலில் முளைக்கிறது ஓஹியாதான். முப்பது வருஷத்தில் அந்த வீடு இருந்த இடத்தில் ஆளுயரத்துக்கு மரம் வந்து பூத்திருக்கிறது. அந்தப் பூ. கஹிகினா மாலையைக் கையில் வாங்கவில்லை. முகத்தை மட்டும் அதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். விமான நிலையத்தில், சந்தையில், தபாலாபீசில் எங்கும் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அந்தத் தீவில் ஓஹியாவுக்கு ஒரு பூஞ்சை நோய். மரத்தில் சின்னக் காயம் இருந்தால் போதும், உள்ளே புகுந்து தண்ணீர் ஓடுகிற நரம்பை அடைத்துவிடும். பச்சையாக நின்ற மரம் சில வாரத்தில் உச்சி முதல் அடி வரை பழுப்பாகிவிடும். அங்கே லட்சக்கணக்கில் செத்துவிட்டன. அதனால் பூ, இலை, கட்டை, மண் எதுவும் அங்கிருந்து வரக் கூடாது. எங்கள் பக்கத்து மலைக்கு நோய் அதுவரை வந்திருக்கவில்லை. ஆனால் மாலையைப் பார்த்த கண்ணுக்கு நோட்டீஸ் எங்கே தெரியும்? நானும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் பன்னிரண்டு கஜம் சிவப்புத் துணியை நான்தான் அவளுக்குச் சுற்றிவிட்டேன். தையல் கிடையாது, ஊசி கிடையாது. கொசுவம் வைத்து, இடுப்பில் குக்குய் மரக் கொட்டைகளை வைத்து முறுக்கிச் செருகினால் குதிரை பாய்ந்தாலும் அவிழாது. சிவப்பு மாலையோடு அவள் தெருவுக்குள் வந்தபோது கூட்டம் எழுந்து நின்றது. அவளிடம் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள், இப்போது பிள்ளை பெற்றவர்கள், "கினா அத்தை! கினா அத்தை!" என்று கத்தினார்கள். அவளுக்குப் பின்னால் எங்கள் தீவின் பெண் வந்தாள். அவள் கழுத்தில் இருந்தது நான் மூன்று நாள் மலையேறிப் பறித்துக் கோத்த மோகிஹானா. அதை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. இதை மூடி மறைக்க மாட்டேன். பொறாமைதான்.

மறுநாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் மாலையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?"

"கலேயா செவ்வாய்க்கிழமை போறா அண்ணி. அதுவரைக்கும் ஃப்ரீசர்ல வச்சு, அவகிட்டயே குடுத்து அனுப்பிடறேன். வந்த எடத்துக்கே போயிடட்டும். அப்படி இல்லாட்டி எரிச்சிடணும்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு."

சரியான காரியம். நூற்றுக்கு நூறு சரி. அவளை நான் அதோடு விட்டிருக்க வேண்டும்.

"மீனோட சேத்து ஐஸ்ல வைக்கப் போறியா? மாலையையா?" என்றேன். "உங்க ஊர்ல அப்படித்தான் பண்ணுவாங்களோ என்னமோ. போட்ட மாலையை இங்க நாங்க மலைக்குக் குடுப்போம். குப்பையிலயும் போடமாட்டோம், ஐஸ்லயும் வைக்கமாட்டோம், எரிக்கவும் மாட்டோம். முப்பத்தாறு வருஷமா எங்க உப்பைத் தின்னுட்டு இதுகூடவாடி கத்துக்கல?"

"இல்ல அண்ணி, நோட்டீஸ்ல..."

"நோட்டீஸ் ஒட்டினவனா உனக்கு மாலை கட்டினான்? உங்கப்பா வீட்டுப் பூவுடி அது. அதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. கையில் பையை வைத்துக்கொண்டு நின்றாள். அழுதுவிடுவாளோ என்று எனக்குக் கொஞ்சம் பயம். அதனால் குரலை இறக்கினேன். "மேல, சதுப்புக்குப் போற பாதையில நம்ம ஓஹியா மரம் நிக்குதுல்ல, எங்கம்மா மாலையெல்லாம் அங்கதான வச்சோம். அதோட காலடியில வச்சிட்டு வந்துடு."

"நம்ம மரமா அண்ணி?" என்று கேட்டாள்.

"பின்னே வேற யாரு மரம்?"

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் முப்பது வருஷம் காத்திருந்தாள். அதை நான் எதற்காகச் செலவு பண்ணினேன், பாருங்கள்.

மறுநாள் விடியற்காலையில் அவள் தனியாகப் போய்விட்டு வந்தாள். செருப்பெல்லாம் சேறு. முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் பார்த்ததில்லை. "நாரை உருவிட்டு, பூவை மட்டும் பரப்பி வச்சேன். உங்கம்மாகிட்டயும் எங்கப்பாகிட்டயும் சொல்லிக்கிட்டேன். ஒரு வேரைப் பன்னி கிளறி, தோலெல்லாம் உரிஞ்சு கெடந்துச்சு அண்ணி. பாவமா இருந்துச்சு. அந்தப் புண்ணை மூடுற மாதிரி பூவைப் போட்டுட்டு வந்தேன்" என்றாள்.

அந்த வருஷம் மரம் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வருஷம் அக்டோபரில் மோகிஹானா பறிக்க மலைக்குப் போனேன். பனி விலகியதும் மரம் தெரிந்தது. ஒரு இலைகூட உதிரவில்லை. அத்தனை இலையும் பழுப்பாகக் காய்ந்து கிளையிலேயே தொங்கியது. என்ன என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கூடையைக் கீழே வைக்காமல் வந்த வழியே திரும்பினேன். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவள் பார்த்துவிட்டாள். உப்புக் கொட்டகைக்கு ஓடி வந்தாள்.

"அண்ணி, நம்ம மரம் செத்துப்போச்சு."

"பாத்தேன்."

"என் மாலையாலயா அண்ணி?"

"யாருக்குத் தெரியும்? பன்னியால இருக்கும், காத்தால இருக்கும்."

"ஆபீஸ்ல போய்ச் சொல்லிடலாமா? அந்தப் பொண்ணு ரோவெனா, காட்டு இலாகாவுல இருக்காள்ல, அவகிட்ட. எங்கிட்ட சாப்பிட்டு வளந்த புள்ளைதான்."

"வாயை மூடிக்கிட்டு இரு" என்றேன். "சொல்லி என்ன, செத்த மரம் எந்திரிச்சு வரப்போகுதா? சோலமன் தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா? அந்தத் தீவுக்காரி நோயைக் கொண்டாந்துட்டான்னு ஊரே சொல்லும். உனக்கு அது தேவையா?"

சோலமன் பேரைச் சொன்னேன். நினைத்தது என் பேரை. ஊர்வலக் கமிட்டியில் மோகிஹானாக்காரி என்று இத்தனை வருஷம் மார்தட்டியவள், எங்கள் மலைக்கு நோயை அனுப்பியவள் என்று ஆகிவிட்டால் என் கதி என்ன? சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்கள். நான் இரண்டும் செய்யவில்லை. அவளையும் செய்யவிடவில்லை. அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை அவள் சமையலறைக்குப் போனாள், வந்தாள். பேச்சு குறைந்தது. வேலியில் பூ முற்றிக் கொட்டியது, அவள் பறிக்கவில்லை.

பிப்ரவரியில் காட்டு இலாகாவினர் ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வழக்கம்போல் ஆளுக்கு ஒரு பலகாரம். நான் ஸ்பாம் என்கிற டின் இறைச்சி வைத்த சோற்றுக் கட்டி செய்துகொண்டு போனேன். ரோவெனா திரையில் படம் காட்டினாள். எங்கள் மரம். அதைச் சுற்றி இன்னும் பதினோரு மரம். எல்லாம் பழுப்பு.

"முதல் மரம் பழுப்பான உடனே யாராவது ஒரு போன் பண்ணியிருந்தா, அதை வெட்டி மூடியிருப்போம். மத்ததுல பாதியாவது தப்பிச்சிருக்கும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சின்னப் பெண், குரல் கம்மியிருந்தது. "யாரையும் பிடிச்சுக் குடுக்கறதுக்காகக் கேக்கல. அந்தப் பக்கம் யாராவது ஓஹியா பூவோ, கட்டையோ, மாலையோ கொண்டுபோனது தெரிஞ்சா சொல்லுங்க. எங்கெல்லாம் போய்ப் பாக்கணும்னு எங்களுக்குத் தெரியணும்."

இரண்டு நாற்காலி தள்ளி கஹிகினா எழுந்தாள்.

"நான்தான்மா கொண்டுபோனேன்" என்றாள். மாலை வந்த விதம், மரம், வேர், புண், பூவால் மூடியது எல்லாவற்றையும் சொன்னாள். அக்டோபரிலேயே தெரியும் என்பதையும் சொன்னாள். ரோவெனா குனிந்து எழுதிக்கொண்டே வந்தாள். அவள் கண்ணீர் தாளில் விழுந்ததை நான் பார்த்தேன்.

"அத்தை, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றாள். "அந்த மரத்துக்கிட்டதான் வைக்கணும்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா? அவங்க வேற யாருக்காவது சொல்லியிருந்தா, அந்த எடத்தையும் பாக்கணும்."

"யாரும் சொல்லல" என்றாள் கஹிகினா. "நானாத்தான் போனேன்."

என் செருப்பில் ஒரு வார் அறுந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பின் வரிசையில் உப்புப் பாத்திக்காரர் ஒருவர், "எங்கிருந்தோ வந்ததுக்கு எங்க மலையோட அருமை எப்படித் தெரியும்?" என்று சத்தமாகவே சொன்னார். வேறு யாரோ, "சோறு போட்ட கைதான், இல்லேங்கல. ஆனா பாரு" என்றார்கள். சோலமன் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றான். அவனுக்கு நான் சொன்னது தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஹாலியா என்னிடம் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "உங்கம்மா மரமாச்சே உலுலானி, எப்படித்தான் தாங்கறியோ!" என்றாள். இன்னும் நாலு பேர் வந்து முதுகைத் தடவினார்கள். நான் அழுதேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதற்கு நடுவில் உட்கார்ந்து ஆறுதலையும் வாங்கிக்கொண்டேன். யாரோ தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள், அதையும் குடித்தேன்.

மாலையால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று ரோவெனா பிறகு வீட்டுக்கே வந்து சொன்னாள். பன்றிக் குளம்பில் வரலாம், நடக்கிறவர்கள் பூட்ஸ் சேற்றில் வரலாம், வண்டு துளைத்த தூளில் வரலாம். ஊருக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டியிருக்கவில்லை. அந்த வருஷம் பள்ளி முடித்த பிள்ளைகள் கடையில் வாங்கிய மாலை போட்டுக்கொண்டார்கள். கோடையில் உப்புப் பாத்திக்கு அவள் வரவில்லை. வா என்று நானும் கூப்பிடவில்லை.

அதைப் பற்றிக் கூட்டம் நடந்த மறுநாள் மட்டும் ஒருதரம் பேசினாள். நான்தான் போனேன். "என் பேரை ஏண்டி சொல்லல?" என்று கேட்டேன். கேட்கிற தைரியம் எப்படி வந்தது என்று தெரியவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே, "நீங்க எந்திரிப்பீங்கன்னு ஒரு நிமிஷம் பாத்தேன் அண்ணி. அவ்வளவுதான்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. ஒரு அறை விட்டிருந்தால் இன்னும் தேவலை.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் அவள் மலைக்குப் போக ஆரம்பித்தாள். பாதை தொடங்குகிற இடத்தில் காட்டு இலாகா ஒரு இரும்புப் பலகையும் பிரஷும் மருந்துத் தண்ணீரும் வைத்திருக்கிறது. காட்டுக்குள் போகிறவர்கள் பூட்ஸைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். பலபேர் கழுவாமல் தாண்டிப் போனார்கள். இவள் போய் நின்ற பிறகு யாரும் தாண்டுவதில்லை. வயதானவர்களுக்கு அவளே மண்டியிட்டுத் தேய்த்துவிடுகிறாள். மழையானாலும் சரி, குளிரானாலும் சரி, ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. யாரும் அவளை அனுப்பவில்லை.

போன அக்டோபரில் மோகிஹானா பறிக்க நாங்கள் ஐந்து பேர் போனோம். ஹாலியா முன்னால், நான் கடைசி. கஹிகினா பச்சை நிற மேல்சட்டையில், முட்டி நனைய உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருத்தியாகக் காலை நீட்டினார்கள். ஹாலியா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு "தேங்க்ஸ்" என்றாள். மற்றவர்கள் அதுகூடச் சொல்லவில்லை. என் முறை வந்தது.

பூட்ஸின் அடியில் அழுத்தித் தேய்த்தாள். குனிந்து பார்த்தபோது அவள் உச்சந்தலை தெரிந்தது, பாதிக்கு மேல் நரைத்திருந்தது. சொல்ல வேண்டிய வாக்கியம் பிப்ரவரியிலிருந்தே என்னிடம் தயாராக இருந்தது. ஹாலியா, அந்த மாலையை அங்க வைக்கச் சொன்னது நான்தான். அவ்வளவுதான். ஹாலியா நாலடி தூரத்தில் நின்றாள்.

"கஹிகினா" என்றேன்.

அவள் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, காத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன உலுலானி?" என்று ஹாலியா திரும்பினாள்.

"ஒண்ணுமில்ல. முழங்கால் வலிக்குது" என்றேன்.

கஹிகினா மறுபடி குனிந்துகொண்டாள். "என் தோளைப் பிடிச்சுக்குங்க அண்ணி. அந்தக் காலையும் குடுங்க" என்றாள்.

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மறு காலை நீட்டினேன்.